பனி லெவலுக்குத் தண்ணீர்ச் சத்தம்

சத்தம் பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்கலாம் என்று. எனக்குத் தெரியாது. கையில் இருந்ததை வைத்து வேலை செய்தேன். இப்போது இடது காது போய்விட்டது. வலது காது பாதி. அதனால் நின்றுவிட்டேன். மைக் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள். எங்கே வழுக்கும் என்று மட்டும் நான் சொல்கிறேன்.

என் படிப்பு எட்டாவது. போர்ட் பிளேரில் கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தேன். கடலுக்கடியில் கேபிள் வந்து இன்டர்நெட் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு, ஜங்கிலிகாட்டில் ஒருவர் டீக்கடைக்கு மேலே சின்ன ஆபீஸ் போட்டார். மெயின்லேண்டில் கம்ப்யூட்டர் கேம் செய்யும் கம்பெனிகளுக்குச் சத்தம் செய்து கொடுக்கும் வேலை. எங்களுக்கு வேலை கொடுத்தது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி.

ஒரு கேமில் பல லெவல் இருக்கும். லெவல் என்றால் ஒரு இடம். காடு, குகை, கப்பல் என்று. அந்த இடத்துக்கென்றே சத்தம் பிடித்து, ஆடுகிறவன் எந்த மூலைக்குப் போனால் எது கேட்க வேண்டும் என்று வைக்க வேண்டும். நான் பிடிப்பேன். பவித்ரா வைப்பாள். முதலாளி போனில் பேசுவார். ஆபீஸ் அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்னத் தப்பு. ஆகாயத்தில் போகும் கப்பல் ஒரு லெவல். அதன் கதவுக்கு ஆபீஸ் இரும்பு பீரோவைத் திறந்து மூடிப் பிடித்தேன். நன்றாக இருந்தது. அனுப்பிவிட்டோம். கோயம்புத்தூரில் எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் போன் செய்தார். அவரைக் கோவைக்காரர் என்றே சொல்கிறேன்.

"ஏனுங்க, ஆகாசக் கப்பல்ல பல்லி கத்துதுங்க."

போட்டுக் கேட்டோம். கதவு மூடியதும் பீரோவுக்குப் பின்னால் இருந்து நாலு தடவை கத்துகிறது. ஆடுகிறவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் கத்துகிறது.

பவித்ரா போனை வாங்கினாள். "எந்தத் திசையில சார் கத்துச்சு? கிழக்குன்னா காரியம் ஜெயம்."

அவரும் சிரித்தார். மாற்றிக் கொடுத்தோம். பிடித்த சத்தத்தைக் கடைசி வரை கேட்காமல் எழுந்து போகாதீர்கள். நமக்கு வேண்டிய சத்தம் முடிந்த பிறகுதான் வேண்டாதது வரும். இதை எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிவிட்டேன். சிரித்து முடிந்த தப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பவித்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாயாபந்தர்ப் பெண். அப்பா ராமநாதபுரத்துப் பக்கம் இருந்து சின்ன வயதில் கப்பல் ஏறி வந்து, காட்டிலாகாவில் மரம் இழுக்கிற மஸ்தூராக, கூலி ஆளாக, இருந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரா வாரம் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்து மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மாயாபந்தரில் இருட்டோடு பஸ் ஏறினால், படகில் பஸ்ஸோடு கடந்து, காட்டு செக்போஸ்ட்டில் வரிசையில் நின்று, இங்கே வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் மிஷின். அதற்கு மறுநாள் திரும்பிப் போக வேண்டும். நல்ல உடம்பே அந்த ரோட்டில் கழன்றுபோகும்.

மிஷின் முடிந்ததும் கையில் கட்டோடு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

"சுத்தம் பண்ணி விடுறாக. போற வழியில குலுங்கிக் குலுங்கி மறுபடி கலங்கிப் போகுது. குளத்துல எருமை எறங்குன மாதிரி" என்பார்.

"பேசாம இருங்கப்பா" என்பாள் பவித்ரா.

"பேசாம இருந்தா ஒங்க மிஷின்ல என்னத்தப் பிடிப்பீக?"

அவரை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு. அவள் இருந்தது இரண்டு நர்சுகளோடு ஒரே அறையில். அப்பாவை அங்கே வைக்க முடியாது. சிப்பிகாட்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். தரை வீடு, படி ஏற வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ். வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "பக்கா நௌக்ரியா?" நிரந்தர வேலையா என்று. இல்லை. அவள் எங்களிடம் தற்காலிகம். எங்கள் முதலாளியால் நிரந்தரம் கொடுக்க முடியாது. கோவை கம்பெனி சொல்லியிருந்தது, இந்த கேம் நல்லபடியாகப் போனால் பவித்ராவைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்கிறோம், போர்ட் பிளேரில் இருந்தே வேலை பார்க்கட்டும் என்று. வீட்டுக்காரர் அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருப்பதாகச் சொன்னார்.

இந்த கேமில் மூன்றாவது லெவலைத்தான் எடுத்து விலைக்கு வாங்குகிறவர்களுக்குக் காட்டப் போகிறார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

லெவல் எங்களுக்கு வரும்போது வண்ணம் பூசாமல் வரும். சாம்பல் தரை, சாம்பல் சுவர். எல்லாம் கட்டை கட்டையாக. என்ன இடம் என்று பார்த்துத் தெரியாது. கூட வரும் செய்தியை வைத்துத்தான் தெரியும். செய்தி போனில் வரும். தமிழ்தான், ஆங்கில எழுத்தில் அடித்தது. எனக்கு ஆங்கில எழுத்து தடவித் தடவித்தான் வரும். பவித்ரா சத்தமாகப் படிப்பாள். நானும் முதலாளியும் கேட்போம். தினமும் அப்படித்தான்.

அன்று அவள் படித்தது இது.

"லெவல் மூணு ஃபுல்லா பானி. ஹீரோ பானி மேல நடக்கணும். பானி விழற சத்தம், பானி உடையற சத்தம், எல்லாம் புதுசா வேணும்."

கோவைக்காரர் அடித்தது நாலு எழுத்து. பி, ஏ, என், ஐ. அவர் ஊரில் அது பனி. எங்கள் ஊரில் பானி. தண்ணீர். போர்ட் பிளேரில் எந்த வீட்டுக்காரனும் காலையில் முதலில் கேட்பது "பானி வந்துச்சா?" என்றுதான். தமிழன், தெலுங்கன், வங்காளி எல்லோரும். குழாயில் தினமும் வராது. வருகிற அன்று வேலைக்கு லீவு போடுகிறவர்கள் உண்டு. அந்த நாலு எழுத்தைப் பார்த்தால் இங்கே யார் வாயிலும் வேறு வார்த்தை வராது. பனியை இங்கே யாரும் பார்த்ததில்லை. மார்கழியிலும் விசிறி வேண்டும்.

முதலாளிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "பானி மேல எப்படி நடப்பான்? உள்ள போயிட மாட்டானா?"

"கேம் சார். பறக்கவே பறக்கறான். நடக்க மாட்டானா?" என்றாள் பவித்ரா.

"உடையற சத்தம்?"

"குழாய் உடையறது" என்றேன் நான். எங்கள் தெருவில் முந்தின வாரம்தான் உடைந்திருந்தது.

மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

நன்றாக உழைத்தோம். சிப்பிகாட்டில் சுனாமிக்குப் பிறகு கடல் தண்ணீர் வயலுக்குள் வந்து அப்படியே தங்கிவிட்டது. அங்கே போய்க் கணுக்கால் தண்ணீரில், முழங்கால் தண்ணீரில், சேறு உள்ள இடத்தில், கல் உள்ள இடத்தில் நடந்து பிடித்தோம். சாத்தம் ஜெட்டியில் படகு ஒதுங்கும்போது தூணில் தண்ணீர் அறைவதைப் பிடித்தோம். அங்கே டிக்கெட் கிழிப்பவர் என் கையில் மைக்கைப் பார்த்துவிட்டு, "கடலைப் பேட்டி எடுக்கறியா? என்ன சொல்லுது?" என்றார். "படகு லேட்டுன்னு சொல்லுது" என்றாள் பவித்ரா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உடைந்த குழாயையும் தேடிப் போய்ப் பிடித்தோம். பவித்ரா ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு சத்தம் வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டால் கால் நனையும். என் காது நன்றாக இருந்த காலத்தில் செய்ததில் அதுதான் நல்ல வேலை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

அனுப்பினோம். கோவையில் உடனே யாரும் கேட்கவில்லை. வண்ணம் பூசி முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? பனி மலையில ஏறுறானுங்க ஒருத்தன். குளத்துல எறங்கற மாதிரி சளக் சளக்னு போறான். மேல இருந்து பனிப்பாறை உடையுது. குழாய்ல தண்ணி பீச்சுது. விளையாட்டுங்களா?"

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பவித்ராவின் அப்பா அன்று ஆபீசில்தான் இருந்தார். அவர் மகளைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல காட்டணுங்க" என்றார் கோவைக்காரர். "வெளிநாட்டுக்காரங்க. யாருங்க செய்தி படிச்சது?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நான்தான் சார்."

"படிச்சது அவ. கேட்டது நாங்க மூணு பேரும்" என்றேன்.

"சரிங்க. நான் மேல சொல்லோணும்ல? ஒரு பேரு கேப்பாங்க."

முதலாளி என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். "அரே, இப்ப பஞ்சாயத்து வேண்டாம். பண்ணிக் கொடுத்துடறோம் சார். வெள்ளிக்குள்ள."

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். வேலை வரும்போது, வந்த வார்த்தையை உங்கள் வார்த்தையில் மாற்றித் திரும்பக் கேளுங்கள். "தண்ணிதானே சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்ற பயம் எங்களுக்கு இல்லை. சந்தேகமே வரவில்லை. அதுதான் மோசம். சந்தேகம் வந்தால் கேட்க எல்லோருக்கும் தெரியும். சந்தேகம் வராத வார்த்தையைக் கேட்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எனக்கு இன்னும் தெரியாது.

இன்னொன்று. செய்தியைப் படித்துக் காட்டுகிறவர் தலையில்தான் பழி விழும். உங்கள் ஆபீசில் ஒரே ஆள் படிக்கிறார் என்றால் கூடவே ஒருவர் எட்டிப் பாருங்கள்.

பனிச் சத்தம் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. இன்டர்நெட்டில் எடுத்த சத்தம் வைக்கக் கூடாது என்பது பேச்சு. எல்லாம் புதிதாகப் பிடித்ததாக இருக்க வேண்டும். இன்டர்நெட்டில் கேட்டுப் பார்த்தோம். ஒன்று மணலைப் போல இருந்தது. ஒன்று அப்பளத்தைப் போல இருந்தது. எது சரி என்று யார் சொல்வது?

எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். கீழே டீக்கடைக்கு வரும் மிலிட்டரிக்காரர். வேலூர்ப் பக்கம். இங்கே மாற்றலாகி வருவதற்கு முன்னால் காஷ்மீரில் மலை உச்சியில் இருந்தவர் என்று டீக்கடையில் பேச்சு. புதன்கிழமை காலை அவர் டீ குடிக்கும்போது போய்க் கேட்டேன்.

"அண்ணே, பனியில நடந்தா எப்படிக் கேக்கும்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு?"

சொன்னேன்.

"கேமுக்கா? நான் ரெண்டு கால் விரலை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கேன். அது இந்நேரம் நடந்துக்கிட்டுதான் இருக்கும். அதைப் பிடிச்சுக்கங்க" என்றார்.

சிரிப்பதா என்று தெரியவில்லை. அவரே சிரித்துவிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் வருவதாகச் சொன்னார்.

அடுத்த தொல்லை மழை. ஆபீஸ் கூரை தகரம். மழைக்காலத்தில் இங்கே எந்தக் கூரைக்குக் கீழேயும் பனியைப் பிடிக்க முடியாது. பவித்ராதான் யோசித்தாள். பஜாரில் ஒரு மெத்தைக் கடை. பின்னால் கான்க்ரீட் கோடவுன். நாலு பக்கமும் கூரை வரை மெத்தை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் காதே நமக்கு இரைச்சலாகக் கேட்கும். கடைக்காரர் விட்டார். "படுத்துத் தூங்கிடாதீங்க. புது மெத்தை" என்று மட்டும் சொன்னார்.

கல் உப்பு, மைதா, ரவை, சாத்தம் மரமில்லில் இருந்து ஒரு சாக்கு மரத்தூள், பேக்கரியில் வாங்கிய மக்காச்சோள மாவு எல்லாம் கொண்டுபோனோம். துணிப்பையில் கட்டித் தரையில் போட்டு நான் மிதிப்பேன். பவித்ரா மைக் பிடிப்பாள். மிலிட்டரிக்காரர் மெத்தை அடுக்கின் மேல் ஏறி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கல் உப்பை மிதித்தேன்.

"இது எங்க ஊர் பாலாறு. மணல். அடுத்தது."

மைதா.

"இது எங்க வீட்டுக்காரி கோவம். சத்தமே இல்ல. அடுத்தது."

மரத்தூள்.

"இது யானை லத்தி மேல நடக்கறது."

"யானை லத்தி மேல நடந்திருக்கீங்களா?" என்றாள் பவித்ரா.

"மிலிட்டரில எல்லாத்து மேலயும் நடக்க விடுவான் தங்கச்சி."

மக்காச்சோள மாவுப் பையை மெதுவாக மிதித்தேன். மாவு ஒன்றோடு ஒன்று நெரிந்து, தோல் செருப்பு முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. காலை எடுத்து மறுபடி வைத்தேன்.

அவர் தொங்கிய காலை மேலே இழுத்து மடக்கிக்கொண்டார். விரல் இல்லாத காலை.

"சரியா அண்ணே?"

"நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன்.

கீழே இறங்கினார். "இதுதான். இன்னும் மெதுவா மிதிங்க. குளிர் அதிகமானா இன்னும் முனகும். ஆனா ஒண்ணு தங்கச்சி. பக்கத்துல வேற எதையும் வைக்காதீங்க. காத்து, குருவி, ஓநாய் ஒண்ணும் வேண்டாம். பனி விழும்போது உலகத்துல ஒண்ணும் கேக்காது. பக்கத்துல இருக்கறவன் கூப்பிட்டா கூடக் கேக்காது. கூப்பிட்டிருக்கான். நமக்குக் கேக்கலன்னு அப்புறம்தான் தெரியும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் கொண்டுவந்த டீயைத் தொடவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் பிடித்தோம். பாறை உடைவதற்குச் சின்ன ஐஸ் ஃபேக்டரியில் மீன் ஐஸ் பாளத்தைத் தூக்கிப் போட்டோம். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் சத்தம் எல்லாம் கையில் இருந்தது. பவித்ரா அடிகளை வைத்தாள். மூச்சை வைத்தாள். மூச்சு அவளுடையதுதான், ஆபீஸ் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கி வந்து மைக்கில் விட்டது. பாறையை வைத்தாள். மற்ற இடமெல்லாம் காலியாக விட்டுவிட்டாள்.

நான் கேட்டேன். வண்ணம் பூசிய லெவல் இப்போது எங்களிடம் இருந்தது. வெள்ளை வெளேர் என்று மலை. ஒருவன் தனியாக ஏறுகிறான். முனகல், மூச்சு, முனகல், மூச்சு. வேறு ஒன்றுமே இல்லை. மெத்தைக் கடைக்குள் இருப்பது போல இருந்தது.

"காத்து போடு பவி" என்றேன்.

"வேண்டாம் அங்கிள். அவர் சொன்னாருல்ல?"

"அவர் சொன்னது மலைக்கு. நாம பண்றது கேமுக்கு. வாங்கறவன் மலையைப் பாத்திருக்கானோ என்னவோ. சத்தம் இல்லன்னா வேலை முடியலன்னு நினைப்பான்."

"இவன் அங்க தனியா செத்துப்போயிடுவோம்னு நினைக்கணும் அங்கிள். காத்து போட்டா துணை இருக்கற மாதிரி ஆயிடும்."

அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. முதலாளியைக் கேட்டோம். அவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "வேலை உன்னோடது. நீயே சொல்லு" என்று அவளிடம் விட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மழை விட்டிருந்தது. அப்பா முந்தின நாளே பஸ் ஏறிப் போயிருந்தார். திரும்பி வந்து, "அப்படியே அனுப்பறேன்" என்றாள். அனுப்பினாள்.

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று என்னைப் பலர் கேட்டுவிட்டார்கள். தெரியாது என்றுதான் சொல்கிறேன். ஒரு சத்தத்தை எடுத்துவிடுவது, ஒரு சத்தத்தை வைப்பதைவிடப் பெரிய முடிவு. வைத்தது தப்பென்றால் தப்பு என்பார்கள். எடுத்தது சரியாக இருந்தாலும் மறந்துவிட்டீர்கள் என்பார்கள். அந்த முடிவை அந்த வேலையைச் செய்கிறவரால்தான் எடுக்க முடியும். பக்கத்தில் இருப்பவர் சொல்லலாம். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கோவைக்காரர் இந்தத் தடவை கோபமாகப் பேசவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அடி சத்தம் சூப்பருங்க. ஆனா பாதி சத்தம் வரலைன்னு சொல்லிட்டாங்க. போன்ல போட்டுக் காட்டுனாங்க. ரூம்ல ஏசி ஓடுது, ஆளுக பேசறாங்க. ஒண்ணுமே கேக்கலீங்க. இவங்களுக்கு இன்னும் முடியல போலன்னு சொல்லிட்டு அடுத்த கேமுக்குப் போயிட்டாங்க."

"அது வேணும்னுதான் சார் விட்டோம்" என்றாள் பவித்ரா. "பனியில ஒண்ணும் கேக்காது."

"இருக்கலாம்மா. நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம். முதல் தடவை தண்ணி. ரெண்டாம் தடவை காலி. மேல இருக்கறவங்க ரெண்டு தடவைன்னுதான் எண்ணுவாங்க."

நான் போனை வாங்கினேன். எனக்குப் பேச வராது. இருந்தாலும் பேசினேன். தண்ணீர் என்று படித்தது ஊரே செய்யும் தப்பு என்றேன். மூன்று நாளில் இவ்வளவு யாரும் செய்ய மாட்டார்கள் என்றேன். அந்தப் பெண்ணின் அப்பா விஷயத்தையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷன். கடைசியில், "எனக்கும் வேலை இருக்குமான்னு தெரியலீங்க அண்ணா" என்றார்.

நீங்கள் செய்யும் சத்தத்தை ஆடுகிறவன் எங்கே உட்கார்ந்து கேட்பான் என்று யோசியுங்கள். மெத்தைக் கடையில் உட்கார்ந்து யாரும் கேம் ஆட மாட்டார்கள். பஸ்ஸில் ஆடுவார்கள், சந்தையில் ஆடுவார்கள், பக்கத்தில் குழந்தை அழும்போது ஆடுவார்கள். அங்கே உங்கள் அமைதி அமைதியாக இருக்காது. இதைச் சொல்லிவிட்டேனே தவிர, இதைச் செய்தால் தப்பித்துவிடலாம் என்று சொல்லவில்லை. காற்று போட்டிருந்தால் எடுத்திருப்பார்களா? முதல் தப்பே போதும் என்று இருந்திருக்கலாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கோவையில் வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டார்கள். அவன் அந்த லெவலுக்கு இன்டர்நெட்டில் இருந்து காற்றுச் சத்தம் எடுத்து வைத்தான். கேம் வெளியே வந்தது. நான் ஆடிப் பார்க்கவில்லை. எங்கள் முதலாளிக்கு அந்தக் கம்பெனியில் இருந்து வேலை வருவது நின்றது. பவித்ராவை வைத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. அவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளே ஒரு நாள் மேஜையைச் சுத்தம் செய்துவிட்டு, "நான் கிளம்பறேன் சார்" என்று சொன்னாள். சிப்பிகாட் வீட்டுக்காரருக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள். அவர் "கோயி பாத் நஹி" என்றாராம். பரவாயில்லை என்று.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனேன். அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"எம்புள்ள நல்லாத்தான வேலை பாத்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா பாத்தா" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.

பவித்ரா பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.

மாயாபந்தரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்பா பழையபடி வாரா வாரம் வந்து போனார். அவள் கூட வருவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் போய்ப் பார்ப்பேன். மழைக்காலம் முடியும் வரை அப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் அவள் போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா இனிமே வரலைன்னுட்டாரு. பஸ்ல ஏற மாட்டேங்கறாரு. ரோட்டுல உயிர் போறதுக்கு வீட்டுலயே இருக்கேங்கறாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

"நான் பேசவா?"

"பேசினாரு அங்கிள், எங்கிட்ட. தெளிவாத்தான் பேசினாரு." பிறகு அவளே சொன்னாள். "ஆஸ்பத்திரில அவரோட மிஷின் நேரம் இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. வரமாட்டாருன்னு நீங்க போய்ச் சொல்லிடறீங்களா? என்னால சொல்ல முடியல."

போனேன். மிஷின் அறை வாசலில் நர்சிடம் அவர் பெயரைச் சொல்லி, இனி வரமாட்டார் என்றேன்.

"இந்த வாரம் வரமாட்டாரா?"

"இனிமேல்."

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். சுவரோரம் பெஞ்சில் ஒரு பெண் ஒரு பெரியவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ஊர்க்காரி மாதிரி இல்லை, எந்தத் தீவில் இருந்து கப்பலில் வந்தாளோ. எழுந்து வந்தாள். இந்த நேரம் இனி உங்களுக்கு, வாரா வாரம், என்று நர்ஸ் ஹிந்தியில் சொன்னாள்.

அந்தப் பெண் அப்படியே அழுதுவிட்டாள். பெரியவரை மெதுவாக எழுப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூட்டிப் போனாள். கதவருகே திரும்பினாள். இடத்தை நான்தான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

நானும் கும்பிட்டேன்.